வேலை நேரத்தில் குடிக்கிறவரைப் பற்றி மேலிடத்தில் சொன்னால் அது காட்டிக்கொடுப்பதா?

"என்னோடு வேலை செய்கிற ஒருவர் வேலை நேரத்திலேயே குடிக்கிறார். நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர். முதலாளியிடம் சொல்லலாமா, காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

'நல்ல மனிதர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே உங்கள் நிலைமை எனக்கு விளங்கிவிட்டது. அவர் உங்களுக்கு ஏதோ உதவி செய்திருக்கிறார். ஒருவேளை உங்களைவிட வயதில் மூத்தவர். சொன்னால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்கள், ஊர் என்ன சொல்லும் என்று இரவில் புரண்டு படுக்கிறீர்கள். நானும் அப்படி எட்டுக் கிழமை படுத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. எனக்குச் சொந்த ஊர் இலங்கையில் அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பு. எங்கள் பக்கத்தில் 'காட்டிக்கொடுத்தல்' லேசான சொல் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யுத்தம் நடந்தது. ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால் ஊர் ஆண்களை வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். என் அம்மாவின் தம்பி 1990இல் அப்படிப் போனவர்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு ஒருவருடைய பெயரை இன்னொருவரிடம் போய்ச் சொல்ல வாய் வராது. "உடனே ரிப்போர்ட் பண்ணுங்கள், இதில் என்ன யோசனை" என்று இங்கே பதில் எழுதியிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். யோசனை வரத்தான் செய்யும்.

சரி, என் கதை.

2015இல் அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். இருபது பேர் வரையில் வேலை. மாசி, பங்குனி என்றால் பெரும்போக நெல் வந்து குவியும், இரவு பகலாக மில் ஓடும். மெஷின் ஓட்டியவர் எங்கள் ஊர்க்காரர், அப்பாவின் கூட்டாளி. மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்ததும் அவர்தான். அந்த மில்லில் பத்தொன்பது வருடம் இருந்தவர். சத்தத்தைக் கேட்டே ரப்பர் உருளை தேய்ந்துவிட்டது என்று சொல்லுவார். கழற்றிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவர் குடிக்கிறது எல்லோருக்கும் தெரியும். உமி மூட்டைகளுக்குப் பின்னால் கால் போத்தல் இருக்கும். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கணக்கு அறைக்கு வருவார். நெல் அவிக்கிற மணத்தையும் மீறிச் சாராயம் மணக்கும். போயா என்கிற பௌர்ணமி தினத்தில் மதுக்கடை பூட்டு என்பதால் அதற்கு அடுத்த நாள் காலையில் அவருக்குக் கை நடுங்கும், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். பத்து மணிக்குப் பிறகு நடுக்கம் நின்றுவிடும். "மாமா குடிச்சாத்தான் ஸ்டெடி" என்று பொடியன்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். உடம்பு சாராயம் இல்லாமல் இயங்காத கட்டத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்த நடுக்கம்தான் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. கை நின்றதே தவிர, கவனம் அவரிடம் இல்லை.

தைப்பொங்கல் கழிந்த கையோடு ஒரு நாள் தனியாகக் கேட்டேன். "மாமா, மெஷினுக்குக் கிட்ட நிண்டு குடிக்காதீங்க. யாருக்கும் ஒண்டு நடந்தா என்ன செய்யிற?" அவர் கோபப்படவில்லை. கண் கலங்கினார். "இந்தப் போகத்தோட விட்டுடுவன் புள்ள. அப்பாட்ட மட்டும் சொல்லிராத" என்றார். நான் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் பின்னேரம் நெல் ஏற்றுகிற எலிவேட்டர் அடைத்துக்கொண்டது. படுவான்கரையிலிருந்து வந்து வேலை செய்த ஒரு பையன், 22 வயது, மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டு அடி மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு நெல்லை வாரிக்கொண்டிருந்தான். மாமா பின்பக்கத்தால் வந்தார். மெஷின் நிற்கிறதே என்று சுவிட்சைப் போட்டுவிட்டார்.

வலக்கையில் இரண்டு விரல் போனது.

நான் ஓடிவந்தபோது மாமா சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு "யார் நிப்பாட்டின, யார் நிப்பாட்டின" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கும்.

அடுத்த நாளே முதலாளி பக்கத்தில் கதை மாறிவிட்டது. பையன்தான் குடிவெறியில் கையை விட்டானாம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், அடிபட்டவரே வெறியில் இருந்து அதனாலேயே காயம் வந்தது என்றால் முதலாளி நட்டஈட்டை மறுக்க ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பையன் கள்ளுக்கூடத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அவன் தாயிடம் "நான் குடிக்கல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். மில்லில் நடந்த விசாரணையிலும் தொழில் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். குடிகாரர் என்றோ மோசமானவர் என்றோ ஒரு சொல்லும் எழுதவில்லை. எந்தத் திகதி, எத்தனை மணி, போத்தல் எங்கே இருந்தது, விபத்து நடந்த நேரம் அவர் எப்படி நின்றார், என்ன கேட்டார். கண்ணால் கண்டது மட்டும். பையனுக்கு நட்டஈடு கிடைத்தது.

மாமாவின் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "உனக்கு வேல எடுத்துத் தந்த மனிசன்ட வயித்தில அடிச்சிட்டியே மகள்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புத் திருவிழாவான தீப்பள்ளயத்துக்குப் போனபோது நான் போய் இருந்த பாயிலிருந்து இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். பெண்பிள்ளை ஆம்பிளைகளின் குடியைப் பற்றி எழுதிக் கொடுத்தாள் என்பதற்காக என்னைப் பற்றி வேறு கதைகளும் கட்டினார்கள். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியதும் மாமா ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினார். நாள் தவறாமல் வருடக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி உயிருக்கே ஆபத்தாகலாம், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆகவே உங்கள் ஆளிடம் "நாளைக்கே விடுங்கள்" என்று சத்தியம் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தினுடையது, அதில் கேட்கலாம். எட்டுக் கிழமைக்கு முந்தி இது எனக்குத் தெரிந்திருந்தால் மாமாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேன்.

இனி எழுதப்போவது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சிலர் சொல்லலாம். பரவாயில்லை, எழுதியே ஆகவேண்டும். மாமா குடித்தார் என்பதைச் சாட்டாக வைத்து முதலாளி அவருக்குச் சேர வேண்டிய ஒரு சதமும் கொடுக்கவில்லை. "பொலிஸில குடுக்காம விட்டனே, அதுக்கு நன்றி சொல்லு" என்று அனுப்பிவிட்டார். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, பதினைந்து பேருக்குக் குறையாத இடம் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம். களவு, மோசடி செய்தவர், வேண்டுமென்று சொத்தை நாசமாக்கியவர் என்றால் அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். குடித்ததற்காகப் பிடிக்க முடியாது. பத்தொன்பது வருடத்துக்கு ஒன்பதரை மாதச் சம்பளம். அதைவிடக் கொடுமை ஊழியர் சேமலாப நிதி (EPF). எங்கள் சம்பளத்தில் 8 வீதத்தை மாதாமாதம் வெட்டுவார்கள். அவர்கள் போட வேண்டிய 12 வீதத்தோடு சேர்த்து அதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவே இல்லை. வெட்டியதைக் கொப்பியில் எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா? நெல் கொண்டுவந்த விவசாயியிடம் மூடைக்கு ஒரு கிலோ கழிவு என்று பிடித்ததும் அதே முதலாளிதான்.

மாமாவின் மனைவியைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போனேன். என் வாசலில் வந்து கேட்ட அதே மாமி. சேமலாப நிதி நிலுவை வந்தது, பணிக்கொடை வர ஒன்றரை வருடம் எடுத்தது. எனக்கு அந்த வேலை போய்விட்டது. முதலாளியைப் பற்றி எழுதிக் கொடுத்ததற்கு ஊரில் ஒருவரும் காட்டிக்கொடுத்தாள் என்று சொல்லவில்லை. மாமா இன்று வரை என்னோடு கதைக்கவில்லை.

குடிக்கிறவர்களைக் கேவலமாக நினைத்து நான் இதை எழுதவில்லை. என் அப்பாவும் வேலை முடிந்து வந்து குடிப்பவர்தான். முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவள் என்று யாராவது கருத்து எழுதினால், மேலே எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். அலுவலக மேசையில் இருந்து எழுதுகிற ஒருவர் மதியம் குடித்துவிட்டுத் தூங்கினால் நான் முதலாளியிடம் ஓடச் சொல்ல மாட்டேன். அவரோடு கதையுங்கள், வீட்டாரோடு கதையுங்கள், காலம் எடுங்கள். இன்னொருவரின் கையோ உயிரோ அவர் கையில் இருக்கிறது என்றால் கணக்கு வேறு. அப்போது ஒருமுறை மட்டும் அவரிடம் நேரே சொல்லுங்கள், ஒரு நாளைக் குறித்தும் சொல்லுங்கள்: "ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களே போய் லீவு கேட்டு மருந்து எடுங்கள், இல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் சொல்லுவேன்." அந்த நாள் வரும்வரை மெஷினிலிருந்து அவரை விலத்தி வேறு வேலைக்கு மாற்றப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஞாயிறு வரைக்கும்கூடப் பொறுக்காதீர்கள். திங்கள் வந்தால் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை வேலையால் நிற்பாட்டச் சொல்லாமல், மெஷினிலிருந்து எடுத்து வைத்தியத்துக்கு விடச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

"நேற்று இரவு குடித்தது, இப்ப ஒன்றும் இல்லை" என்பார்கள். ஒரு சின்னக் கிளாஸ் சாராயம் உடம்பை விட்டுப் போகக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் எடுக்கும். நடுச்சாமம் வரை அரைப் போத்தல் குடித்தவர் காலை ஏழு மணிக்குக் குளித்துத் திருநீறு பூசி வந்தாலும் அது உள்ளேதான் இருக்கும்.

பிள்ளைகுட்டிக்காரர் என்று எழுதிய நீங்கள் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதவில்லை. பஸ்ஸா, லொறியா, மெஷினா, கரண்ட் வேலையா? அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் யார்? அதைக் கீழே எழுதுங்கள். நான் இரவு பத்து மணிக்குப் பிறகு பார்த்துப் பதில் போடுவேன்.