கழித்தல் கணக்கில் போன இன்டர்வியூ

அண்ணாச்சி, மகளுக்கு இரண்டாவது இன்டர்வியூவும் கைகூடவில்லை, பைத்தான் கோர்ஸில் சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் செலவும் ஃபீஸும்தான் மிஞ்சும். பிள்ளை தடுமாறிய கேள்வி எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதும் வேலைக்கு, ஆள் எடுப்பவர்கள் விரும்பிக் கேட்பது: சி மொழியில் மைனஸே இல்லாத அன்சைன்டு எண்கள் இரண்டைக் கழித்தால் என்ன வரும்? இனி வருவதை அவளே படிக்கட்டும்.

பாபநாசம் அணை நேற்று 101 அடி, இன்று 99 என்று வைத்துக்கொள், தாயி. இரண்டும் 32 பிட் அன்சைன்டு இன்ட் என்றால், இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழித்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாமல் உச்சிக்குச் சுற்றிக்கொண்டு வருவது 4294967294. ‘விடை > 0’ என்று சோதித்தால் தண்ணீர் ஏறியதாகவே புரோகிராம் நம்பும். எண்ணை அச்சிடும் பிரிண்ட்எஃபில், மைனஸும் காட்டும் %டி போட்டுப் பார்த்தாலோ பெரும்பாலும் -2 என்றே திரையில் தெரியும். அதை நம்பித்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். கழிக்கவே வேண்டாம், ‘இன்று > நேற்று’ என்று நேராக ஒப்பிடு.

8 பிட் எண்கள் என்றால் வேறு கதை. கழிக்கும் முன்பே சி இரண்டையும் மைனஸும் தாங்கும் இன்ட்டாக உயர்த்திவிடும், -2 ஒழுங்காக வரும். அதையே மறுபடி 8 பிட் அன்சைன்டு வேரியபிளில் போட்டால் 254. மொத்தமே 143 அடி அணையில் ஒரே நாளில் 254 அடி ஏற்றம்!

அதற்காக எல்லாவற்றையும் இன்ட் ஆக்கிவிடாதே. எழுத்துத் தொடரின் நீளம் சொல்லும் ஸ்டர்லென், மெமரி அளவு சொல்லும் சைஸ்ஆஃப் தருவதே அன்சைன்டுதான். மில்லிசெகண்ட் எண்ணும் 32 பிட் டைமர் சுமார் 49.7 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அப்போதும் அன்சைன்டிலேயே ‘இப்போது - தொடக்கம்’ என்று கழித்தால் கடந்த நேரம் சரியாக வரும். 500 மில்லிசெகண்ட் ஆயிற்றா என்று பார்க்க ‘இப்போது > தொடக்கம் + 500’ என்று எழுதினால்தான் மாட்டும். கேட்காமலே இதைச் சொல்லிப் பார், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சி கம்பைலரான ஜிசிசியில் எக்ஸ்ட்ரா வார்னிங்குகளைப் போட்டுப் பழகு. அன்சைன்டு ‘ஐ >= 0’ என்று ஓடும் முடிவில்லா லூப்பை அது காட்டிக்கொடுக்கும்; மேலே சொன்ன கழித்தலைக் காட்டாது, அதற்கு உன் கண்தான்.

அண்ணாச்சி, சனிக்கிழமை லேப்டாப்போடு அனுப்பிவையுங்கள். ஃபீஸ் பணம் உங்களிடமே இருக்கட்டும்.