யூஎஸ்பி மிடி கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது. சரிசெய்யலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 49 கட்டை உள்ள கன்ட்ரோலர், வாங்கி நாலைந்து வருடம் ஆகிறது. லேப்டாப்பில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதில்லை. எப்போதாவது கண்டுகொண்டாலும் சில கட்டைகள் அலறுகின்றன, சில ஊமையாகக் கிடக்கின்றன. கடையில் "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

வாங்காதீர்கள், இப்போதைக்கு. கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் திருவிழா மேடைகளில் வாசிக்கும் இன்னிசைக் குழுக்களின் கீபோர்டுகளைப் பல வருடமாகப் பிரித்துச் சரிசெய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பிழைக்கக்கூடிய பெட்டி. மிருதங்கத்தில் வலது பக்கத் தோலான வலந்தலை போய்விட்டால் அந்த மூட்டை மாற்றுகிறோமே தவிர, பலாக்கட்டையை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. கன்ட்ரோலரிலும் தேய்கிற பாகங்கள் கொஞ்சம்தான், அவை மாற்றவோ துடைக்கவோ முடிந்தவை.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். மிடி கன்ட்ரோலர் தானாக ஒலி எழுப்பும் கருவி இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்று எண்களாகச் சொல்லி அனுப்புவதுதான் அதன் வேலை. ஒலி முழுக்க லேப்டாப்பில் உருவாகிறது. ஆகவே காதை வைத்துப் பழுது தேடினால் பாதி நேரம் தவறான இடத்தில் தேடுவோம். அந்த எண்கள் வருகின்றனவா, வந்தால் எப்படி வருகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ஏசீக்டம்ப் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். ஆனால் உங்கள் பெட்டி அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை, அதனால் கம்பியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

விளக்கு எரிவதை வைத்துக் கம்பி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம். யூஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பில் கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விளக்குக்குச் சிவப்பும் கறுப்பும் போதும். பச்சையோ வெள்ளையோ உள்ளே அறுந்திருந்தால் விளக்கு ஜோராக எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. பிரிண்டருக்குப் போடுகிற சதுர முனைக் கம்பிதான் இதற்கும். பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்று கேட்டு வாங்கி மாற்றிப் பாருங்கள். உங்களுடையது போன் சார்ஜர் மாதிரிச் சின்ன முனை என்றால், சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கம்பிகளும் கடையில் உண்டு. அவற்றில் தகவல் இழையே இருக்காது. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான கம்பியும் வேண்டாம்.

கம்பி மாற்றியும் சரியாகவில்லையா? இனி கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். 'கண்டுகொள்ளவில்லை' என்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் காரணம் வேறு.

விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லை, செருகின ஓசையும் வரவில்லை என்றால் அது ஒரு வகை. 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு வந்து, உள்ளே கோட் 43 என்று இருந்தால் அது இன்னொரு வகை. இந்த இரண்டாவதைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பேசுபவை. "நான் வந்திருக்கிறேன்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, பச்சை இழையை, அதாவது டி பிளஸ் வழியை, 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் "யார் நீ" என்று கேட்கும். ஆக, கோட் 43 வந்தால் உள்ளே இருக்கும் சிப்புக்கு மின்சாரம் போகிறது, அநேகமாக அது விழித்தும் இருக்கிறது. பதில்தான் சிதைந்து வருகிறது. டி மைனஸ் வழியில், அதாவது வெள்ளை இழையின் வழியில் விரிசல், சாக்கெட்டில் பச்சைப் பாசி, இப்படி ஏதாவது இருக்கும். எந்த அசைவும் இல்லையென்றால் டி பிளஸ் வழி அறுந்திருக்கலாம், அல்லது சிப் எழவே இல்லாமல் இருக்கலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை உறுதிசெய்யலாம். அடிமூடியைக் கழற்றி, கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் செருகியபடி, கறுப்பு முனையை சாக்கெட்டின் உலோக உறையில் வைத்து அளந்து பாருங்கள். மின்சாரக் காலில் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்க வேண்டும். டி பிளஸ் காலில் 3 வோல்ட் அளவுக்குக் காட்டினால் சிப் உயிரோடு இருக்கிறது. டி பிளஸ் பூஜ்யமாக இருந்தால், 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரின் வெளிக்காலை அளக்கவும். அங்கேயே ஒன்றும் இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில். அளக்கும்போது மீட்டர் முனை இரண்டு கால்களைச் சேர்த்துத் தொட்டுவிடக் கூடாது, லேப்டாப்பின் போர்ட்டே போய்விடும். கை நடுங்கினால் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, என் அனுபவத்தில் அதிகம் பார்ப்பது சாக்கெட் கோளாறு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். மேடையில் யாராவது கம்பியில் கால் தடுக்குவார்கள், சாக்கெட் மேலும் கீழும் ஆடும். போர்டில் அதைப் பிடித்திருப்பது நான்கு சின்னக் கால்களும் இரண்டு பக்கக் காதுகளும்தான். ஆட ஆட, காலைச் சுற்றியிருக்கும் ஈயத்தில் மோதிரம் போல வட்டமாக விரிசல் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கம்பியை ஒரு கோணத்தில் பிடித்தால் வேலை செய்கிறது, விட்டால் போகிறது என்பது இதன் அடையாளம். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். "அண்ணே, கம்பிய கொஞ்சம் தூக்கிப் புடிச்சா ஓடுது, கச்சேரி முழுக்க ஒருத்தன் பக்கத்துல உக்காந்து புடிச்சிருந்தான்" என்றார். திறந்தால் விரிசலோடு கடல்காற்றின் உப்பும் சேர்ந்து கால்கள் பச்சை பூத்துக் கிடந்தன. கரையோர ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதை அடிக்கடி பார்க்கிறேன்.

விரிசல் மட்டும் என்றால் 25 வாட் ஈயப்பற்று இரும்பும் (சோல்டரிங் அயர்ன்), ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸும் வைத்து, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். பக்கக் காதுகளுக்கும் நிறைய ஈயம் வையுங்கள். இழுவையைத் தாங்குவது அவைதான். சாக்கெட்டின் உள்நாக்கு உடைந்திருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் எலக்ட்ரானிக்ஸ் பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது: பிரிண்டர் சர்வீஸ் செய்பவரிடம் மூலையில் செத்த பிரிண்டர்கள் கிடக்கும், அவற்றிலும் பெரும்பாலும் இதே சாக்கெட்தான். கால்கள் அதேபோல் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா என்று மட்டும் ஒத்துப் பார்த்து எடுங்கள்.

திருவிழா மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியாக இருக்காது. இரண்டு முனை அடாப்டரில் ஓடும் லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். அந்தக் கசிவு மின்சாரத்தோடு, ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பியைச் செருகினால் பொறி தகவல் இழை வழியாகவும் பாயலாம். எல்லாக் கம்பிகளையும் முதலில் இணையுங்கள், அப்புறம் மின்சாரம் கொடுங்கள். இதை ஒவ்வொரு குழுவிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மென்பொருள் பக்கம் நீங்கள் அதிகம் அலைய வேண்டியதில்லை. யூஎஸ்பி மிடிக்கான பொது விதிமுறை 1999-லேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றும் பெட்டிகளுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. அதனால் ஒரு நல்ல சோதனை உண்டு: போனில் யூஎஸ்பி கம்பியைச் செருக உதவும் ஓடிஜி முனை போட்டு ஆண்ட்ராய்டு போனில் செருகிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6.0-க்குப் பிறகு வந்த பெரும்பாலான போன்களில் ஏதாவது ஒரு பியானோ செயலி அதை எடுத்துக்கொள்ளும். போனில் ஓடி லேப்டாப்பில் ஓடவில்லையென்றால் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி செருகுங்கள். பழைய விண்டோஸ் மிடி அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியும் என்பதையும் பாருங்கள். பின்னால் வேறொன்று திறந்திருந்தால் மற்றது திறக்க மறுக்கும்.

இனி அலறும் கட்டைகள். பெட்டி பேச ஆரம்பித்ததும் மிடி-ஆக்ஸைத் திறந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக அழுத்தி எண்ணைப் பாருங்கள். அழுத்தத்தின் எண் 1 முதல் 127 வரை. மெதுவாகத் தொட்டும் 127 என்று குதித்தால் அதுதான் உங்கள் அலறல்.

ஏன் அப்படி? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழ் இருக்கும், அதில் கரி பூசிய இரண்டு புள்ளிகள். கட்டை இறங்கும்போது ஒன்று முன்னால் தொடும், மற்றது ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்துத் தொடும். அந்த இடைவெளியைத்தான் சிப் அளக்கிறது. இடைவெளி குறைந்தால் பலமாக அடித்தீர்கள் என்று கணக்கு. முதல் புள்ளியில் தூசி ஏறி அது தாமதமாகத் தொட்டால் இடைவெளி சுருங்கிவிடும், மெல்லத் தொட்டாலும் 127 வரும். ஏதாவது ஒன்று தொடவே இல்லையென்றால் கட்டை ஊமை. கட்டை சேதமாகவில்லை, தூசிதான். தை மாத அறுவடை நேரத்தில் களத்துத் தூசு பறக்கும் ஊர்களில் கீபோர்டை மூடாமல் வைத்தால் இது சீக்கிரமே வரும்.

துடைப்பதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம், பஞ்சுக் குச்சி. சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், படலமாகப் படியும். தின்னரும் நெயில் பாலிஷ் நீக்கியும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ரப்பர் பட்டையை மெதுவாக உரித்தெடுத்து, போர்டில் உள்ள கரித் தடங்களையும் குமிழ்களின் உள்புள்ளிகளையும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கத்தியோ உப்புத்தாளோ கிட்டவே வரக் கூடாது, கரி போய்விட்டால் திரும்ப வராது. கட்டைகளின் பக்கவாட்டில் வெள்ளைக் கிரீஸ் இருக்கும், அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் கட்டை டக்டக் என்று தட்டும். திருகுகள் பல நீளத்தில் இருக்கும். நீளத் திருகைக் குட்டை இடத்தில் போட்டால் மேல் பலகை துளைபடும், ஆகவே கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் காய்ந்த பிறகே மூடவும்.

ஊமைக் கட்டைகள் ஒழுங்கான இடைவெளியில் வருகின்றனவா என்பதையும் பாருங்கள். 49 கட்டைக்கு 49 தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டமாக இணைத்திருப்பார்கள், பெரும்பாலும் எட்டு எட்டாக. அடுத்தடுத்த எட்டு கட்டைகளோ, ஒவ்வொரு எட்டாவது கட்டையுமோ சேர்ந்து பேசாமல் இருந்தால் அது தூசி இல்லை. கட்டைகளுக்கு அடியில் உள்ள போர்டையும் சிப் இருக்கும் போர்டையும் இணைக்கும் தட்டைக் கம்பி கழன்றிருக்கும். அதைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தையும் தவறாமல் பாருங்கள். நம் இசையில் கீபோர்டில் கமகம் கொண்டுவர அதைத்தான் நம்பியிருக்கிறோம். அது 0 முதல் 16383 வரை எண் அனுப்பும், கையை எடுத்தால் நடுவில் 8192-இல் நிற்க வேண்டும். சில மென்பொருள்கள் இதைப் பூஜ்யம் என்று காட்டும். சக்கரம் 9000-இல் நிற்கிறது என்று வையுங்கள். வழக்கமான முழு ஸ்வர அளவில் இருந்தால் சுருதி ஏறக்குறைய 20 சென்ட் ஏறிவிடும், அதாவது அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தம்புரா பக்கத்தில் ஒலிக்கும்போது இது காதைக் குத்தும். "கீபோர்டு சுருதி சேரவில்லை" என்று வித்வான்கள் முகம் சுளிப்பதற்குப் பல இடங்களில் இந்தச் சக்கரம் ஒரு காரணம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பாகமான பொட்டென்ஷியோமீட்டரில் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபக்கமும் பலமுறை திருப்புங்கள். மசியவில்லையென்றால் அந்த பொட்டென்ஷியோமீட்டரையே மாற்றுங்கள்; மேலே எழுதியிருக்கும் மதிப்பைப் பார்த்து வாங்கினால் போதும். சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்தால் அது பழுதே இல்லை, பெடலை மிதிக்காமல் வைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி செருகுங்கள்.

எல்லாம் பார்த்து, 3.3 வோல்ட் சரியாக இருந்து, டி பிளஸ் மட்டும் எழவே இல்லையென்றால் சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டலோ சிப்போ போயிருக்கலாம். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றும்போது கரண்ட் போயிருந்தால் கையேட்டில் சொல்லியிருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகி மீட்டெடுக்கும் வழியை முயலுங்கள். அதுவும் ஆகவில்லையா, கட்டைகளும் ரப்பரும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற ஒரு சின்ன போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவே யூஎஸ்பி மிடியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். கட்டைகளின் தட்டைக் கம்பியை அதோடு இணைத்து நிரல் எழுத வேண்டும். தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கல்லூரி மாணவர் யாராவது இருந்தால் ஆசையோடு செய்து கொடுப்பார். சாதாரண ஆர்டுயினோ ஊனோ இதற்கு ஆகாது, லியோனார்டோ வகை ஆகும்.

முதலில் வேறு கம்பி போட்டுப் பார்த்துவிட்டு, டிவைஸ் மேனேஜரில் கோட் 43 வருகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்று எழுதுங்கள். முடிந்தால் சாக்கெட்டின் அடிப்பக்க ஈயத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.