கரெண்ட் வந்ததும் தானா சுத்துற லேத்து

அன்புள்ள அக்கா,

நான் ரங்கூன்ல இன்சின் பக்கம் ஒரு லேத்து (இரும்பைச் சுத்த விட்டுக் கடையிற மிஷின்) பட்டறையில வேலை கத்துக்கிட்டிருக்கேன், வயசு பத்தொம்பது. சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, இன்னும் கூட்டுறது, அரம் போடுறது, அப்பப்போ ஃபேஸிங் (ராடு முனையைச் சமமாக் கடையிறது), அவ்வளவுதான் குடுக்குறாங்க. இரும்புச் சுருள் கையைக் கிழிச்சதால என் காசுலயே கிளவுஸ் வாங்கிப் போட்டுக்கிட்டேன். ஆனா பேண்ட் போட்டு வந்தா மட்டும் "என்னடா ஆபீசரா நீ"ன்னு சிரிக்கிறாங்க. எங்க சயா, அதாவது தொழில் சொல்லித் தர்றவர், முப்பது வருஷமா கைலியிலதான் வேலை பாக்குறார், அவருக்கு ஒண்ணும் ஆகல. ஏன்னு எதைக் கேட்டாலும் "பாத்துக் கத்துக்கோ"ன்னுதான் பதில். எங்க லேத்துல மறை போடுறப்போ டூலை நகர்த்துற லீட் ஸ்க்ரூ இஞ்ச் கணக்கு, அதுல மெட்ரிக் மறை (மில்லி கணக்குத் திருகு) போட முடியுமா? யூடியூப் பாத்தே தொழில் கத்துக்கலாமா? இல்ல, பேசாம தாய்லாந்து போயிடலாமா? உங்க அப்பா பட்டறை வச்சிருந்தார்னு நீங்க எழுதினதைப் படிச்சேன், அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு தம்பி

*

அன்புள்ள தம்பி,

முதல்ல அந்த கிளவுஸைக் கழட்டு. சொந்தக் காசுல வாங்கினதுன்னு எழுதியிருக்க, படிக்கிறப்போ மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, உன் சம்பளம் என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனாலும் கழட்டு. வெறும் விரல் சுத்துற ஜாப்புல, அதான் கடையிற இரும்புல, பட்டா தோல் உரியும், ரத்தம் வரும், சில நேரம் கையை இழுத்துக்க முடியும். கிளவுஸ் போட்ட விரல் பட்டா துணி நூல் மாட்டி மொத்தக் கையும் உள்ள போகும், லேத்து உனக்காக நிக்காது. டிரில்லிங் மிஷினுக்கும் இதேதான். கனமான ராடு தூக்குறப்போ, மிஷினை நிறுத்திட்டு சுருள் அள்ளுறப்போ போட்டுக்கோ, சுத்துற எதுக்கும் பக்கத்துல போடாத. ஓடிக்கிட்டிருக்குற லேத்துல சுருளைக் கையால இழுக்குறதுங்கிறது கிளவுஸ் போட்டாலும் போடாட்டியும் செய்யவே கூடாத வேலை, நிறுத்திட்டு கம்பிக் கொக்கியோ பிரஷ்ஷோ வச்சு எடு.

ஆனா உன்னை யாரும் கேக்காத ஒரு கேள்வி இருக்கு. அவ்வளவு நீளமா சுருள் ஏன் வருது? ஃபீடு, அதாவது ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம், ரொம்பக் கம்மியா இருக்கும், இல்ல டூல் முனையில சுருளை உடைக்கிற சின்னப் பள்ளம் கிரைண்ட் பண்ணாம விட்டிருப்பாங்க. ஃபீடைக் கொஞ்சம் ஏத்தி டூலைச் சரியா தீட்டினா சுருள் கையை அறுக்குற கயிறா வராது, அரை வட்டம் அரை வட்டமா உடைஞ்சு ட்ரேயில விழும். கையும் பத்திரம், வேலையும் வேகம். நான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்தது இதைத்தான் தம்பி. பாதுகாப்புன்னா தொழில் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் மேல ஒட்டுற ஸ்டிக்கர்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பட்டறையில எந்த விபத்தை எடுத்துப் பாரு, வேலை தெரியாத ஒரு இடம் அதுக்குள்ள இருக்கும். டூலை ஹோல்டர்ல இருந்து ரொம்ப வெளிய நீட்டிக் கட்டினா ஜாப்புல அலை அலையா கோடு விழும், அதே காரணத்தால டூல் உடைஞ்சு மூஞ்சியில அடிக்கும். நீளமான ராடு ஸ்பிண்டிலுக்கு (ஜாப்பைச் சுத்துற தண்டு) பின்னால தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டிருந்தா சைஸும் வராது, திடீர்னு வளைஞ்சு சுழன்று பக்கத்துல நிக்கிறவனை அடிச்சுப் போட்டுரும். எங்க அப்பா வேகத்துக்கும் இதையேதான் சொல்வார். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்ல மைல்டு ஸ்டீல் கடையிறப்போ வெட்டுற வேகம் நிமிஷத்துக்கு சுமார் 30 மீட்டர்னு வச்சுக்கிட்டா 25 மில்லி ராடுக்கு 380 சுத்து வரும், அதே கணக்குல 100 மில்லி ஜாப்புக்கு 95 தான் வரும். சின்ன ராடு ஓட்டின வேகத்துலயே பெரிய ஜாப்பையும் ஓட்டினா டூல் முனை கருகும், வேகம் ஏற ஏற ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு தாடையோட பிடியும் தளரும், ஜாப் பறக்கும். ஒரே தப்புதான், டூலும் போகும் ஆளும் போவான். இந்தக் கணக்கை என்னைச் சின்ன வயசுலயே சாக்பீஸ்ல தரையில போட வச்சார், அப்போ எரிச்சலா இருக்கும்.

அதனால கூட்டுறதை மட்டமா நினைக்காத. கூட்டுற சுருளோட நிறத்தைப் பாரு, எச்எஸ்எஸ் டூல்ல நீலமா வந்திருந்தா வேகம் அதிகம், டூல் சீக்கிரம் போயிரும். அரம் போடுறதும் அப்படித்தான், ஒரு இரும்புத் துண்டை மூலைமட்டம் வச்சு வெளிச்சம் தெரியாத அளவுக்கு நேராக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஒரு மில்லில நூறுல ஒரு பங்குன்னா என்னன்னு கை சொல்லும். எட்டு மாசம் ஒண்ணும் அதிகம் இல்ல, பொலம்பாத.

கைலிக்கு வர்றேன். "முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல"ங்கிற பேச்சைக் கேட்டா எனக்கு இப்பவும் கோவம் வரும். அப்பா இன்சின் ரயில்வே பட்டறையில தொழில் கத்துக்கிட்டு, பிற்பாடு தாமுவேயில சொந்தமா கடைசல் பட்டறை போட்டவர். எங்க பட்டறை வாசல்ல ஒரு ஆணியில ரெண்டு மூணு பழைய பேண்ட் எப்பவும் தொங்கும். கைலியோட வர்ற ஆளு அதை மாட்டாம உள்ள காலெடுத்து வைக்க முடியாது, ஜாப் வாங்க வர்ற கஸ்டமரா இருந்தாலும் மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பேசணும். எனக்கு சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு மேல துணி கட்டணும், வளையல் போட்டுக்கிட்டு உள்ள வரக் கூடாது. தெருவுல எல்லாரும் அவரைக் கர்வி, வெள்ளைக்காரன் மாதிரி நடந்துக்கிறான்னு பேசினாங்க. அதே தெருவுல வேற ஒரு பட்டறையில இருந்த பெரியவர் ஒருத்தர், நல்ல வேலைக்காரர், எங்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கித் தருவார், ஒரு நாள் அவர் கைலி ஓரம் லேத்து முன்னால மெதுவா சுத்துற ஃபீடு ராடுல மாட்டிருச்சு. அந்த ராடு சுத்துற வேகத்தைப் பாத்தா யாருக்கும் பயமே வராது, அவ்வளவு மெதுவு. ஆனா கைலி தைச்ச துணி, சுலபத்துல கிழியாது, சுத்திக்கிட்டே போகும், இடுப்புல முடிச்சு வேற. பக்கத்து ஆள் ஓடி வந்து மெயினை இறக்குறதுக்குள்ள இடுப்பு எலும்பு போச்சு. உயிர் பொழச்சார், அப்புறம் கடைசி வரைக்கும் சாய்ஞ்சுதான் நடந்தார். தெருவே "நேரம் சரியில்ல"ன்னு சொல்லுச்சு, காளியம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணினாங்க, மறுநாள் அதே லேத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டி இன்னொருத்தர் அதே மாதிரி கைலியில நின்னார். அப்பாவும் சாமி கும்பிடுறவர்தான், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சக்குக்கு சந்தனம் வைப்பார். ஆனா அன்னைக்கு சாப்பாட்டுல உக்காந்து சத்தம் போட்டார், நேரத்தை ஏன்டா திட்டுறீங்க, ஒரு பேண்ட் விலை என்ன ஆகும்னு. உன்னை ஆபீசர்னு சிரிச்சா சிரிக்கட்டும், பேண்ட் போட்டுத்தான் போற, ஷர்ட் கையை முழங்கைக்கு மேல இறுக்கி மடிக்கிற, கண்ணாடி போடுற, செருப்பு வேண்டாம். இதுல பேச்சே இல்ல.

உன் சயாவை நான் திட்டல. அவருக்கும் யாரும் காரணம் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. ரங்கூன்ல ரயில் பட்டறையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் டல்லாவுல கப்பல் பட்டறையும் ஓஹோன்னு நடந்த காலத்துல சின்னப் பையனைப் பெரிய மேஸ்திரிகிட்ட விட்டு வருஷக்கணக்குல பழக்கினாங்க. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்போ ஒரு கூட்டம் இந்தியாவுக்கு நடந்தே போச்சு, 1964-ல கடைகண்ணியை அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் இன்னொரு கூட்டம் கப்பல் ஏறிச்சு. மிஷின் இங்கயே நின்னுருச்சு, அதோட காரணம் தெரிஞ்சவங்க பலரும் போயிட்டாங்க, மிச்சம் இருந்தவங்க கை அசைவை மட்டும் பாத்துக் கத்துக்கிட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன். "பாத்துக் கத்துக்கோ"ங்கிறது அப்படி வந்த பேச்சு. கையைப் பாக்கலாம், அந்தக் கை ஏன் அங்க நிக்குதுன்னு பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது. நீ கேளு, திட்டினாலும் கேளு, டீ குடிக்கிற நேரம் பாத்துக் கேளு.

இப்போ நான் உனக்குப் பதில் எழுத உக்காந்த காரணத்தைச் சொல்றேன். போன வாரம் எங்க தெருப் பக்கம் நடந்து போறப்போ ஒரு பட்டறையில கரெண்ட் இல்லாம எல்லாரும் வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க, கரெண்ட் வந்துச்சு, உள்ள லேத்து தானா சுத்த ஆரம்பிச்சுது. பக்கத்துல ஒரு ஆளும் இல்ல. யாருக்கும் அது பெருசாத் தெரியல, ஒரு பையன் எழுந்து போய் வேலையைத் தொடர்ந்தான், அவ்வளவுதான். கரெண்ட் போன நேரத்துல அந்தப் பையன் சக்கைக் கையால திருப்பி ஜாப்பை மாட்டிக்கிட்டிருந்தா? சக் சாவியை அதுலயே விட்டுட்டு வெளிய வந்திருந்தா?

உங்க லேத்துக்கு என்ன சுவிட்ச்சுன்னு போய்ப் பாரு. வெறும் திருகு சுவிட்ச்சோ கத்தி சுவிட்ச்சோ இருந்தா, கரெண்ட் போனாலும் அது ஆன்லயேதான் இருக்கும், வந்ததும் மோட்டார் ஓடும். பச்சை சிவப்பு பட்டன் வச்ச மேக்னடிக் ஸ்டார்ட்டரா இருந்தா உள்ள ஒரு காயில் கரெண்ட்ல காந்தமாகி கான்டாக்டைப் பிடிச்சு வச்சிருக்கும், கரெண்ட் போனதும் விட்டுரும், திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தினாத்தான் ஓடும். முறை வச்சு கரெண்ட் விடுற ஊர்ல, என்னைக் கேட்டா, இந்த ஒரு பெட்டி இல்லாத லேத்தைத் தொடவே கூடாது. மத்த எல்லாத்துலயும் உங்க முதலாளியோட அனுசரிச்சுப் போ, இதுல போகாத. வாங்க வசதியில்லன்னு சொன்னா, வாங்குற வரைக்கும் ஒரு பழக்கம் வச்சுக்கோ, கரெண்ட் போன அந்த நொடியே முதல் வேலை சுவிட்ச்சை ஆஃப் பண்றது, ரெண்டாவது மெயினை இறக்குறது, அப்புறம்தான் வேர்வையைத் துடைக்கிறது, டீ எல்லாம். சக் சாவியைக் கையை விட்டு விடுறதா இருந்தா அது சக்குல இருக்கக் கூடாது. எங்க அப்பா சாவி முனையில ஒரு ஸ்பிரிங் மாட்டி வச்சிருந்தார், கையை எடுத்தா தானா வெளிய தள்ளிரும்.

ஜெனரேட்டருக்கு மாத்துறப்போ இன்னொண்ணு இருக்கு. த்ரீ ஃபேஸ்ல ரெண்டு வயர் இடம் மாறியிருந்தா மோட்டார் தலைகீழா சுத்தும். உங்களோடது பழைய லேத்துன்னா சக்கு மறை போட்டுத் திருகினதா இருக்கும், தலைகீழா சுத்தினா அவ்வளவு பெரிய சக்கு கழண்டு உருண்டு வரும். அதனால ஜெனரேட்டர் போட்டதும் முதல்ல சக்கு எந்தப் பக்கம் சுத்துதுன்னு குறைஞ்ச வேகத்துல, பக்கவாட்டுல தள்ளி நின்னு பாரு, அப்புறம் வேலையைத் தொடு.

அப்புறம் ராத்திரி வேலை. கரெண்ட் நடுராத்திரி வருதுன்னு உன்னை மாதிரிப் பசங்களைத் தனியா விட்டு ஓட்டச் சொல்றாங்கன்னு கேள்விப்படுறேன். 2011 ஏப்ரல்ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியில ஒரு மாணவி, இன்னும் கொஞ்ச நாள்ல பட்டம் வாங்க வேண்டிய பொண்ணு, ராத்திரி தனியா லேத்துல வேலை பாத்து முடி மாட்டி இறந்துபோச்சு. காசு, படிப்பு, வசதி எல்லாம் இருக்குற இடம் அது. பக்கத்துல ஸ்டாப் பட்டனை அமுக்க ஒரு ஆள் இல்லாம லேத்தை ஓட்ட மாட்டேன்னு சொல்லு. பர்மாவுல பட்டறைப் பாதுகாப்புக்குச் சட்டம் இருக்கான்னு கேப்ப, இருக்கு, 1951-லயும் வந்துச்சு, 2019-லயும் வந்துச்சு, தெரு ஓரத்துல ரெண்டு மிஷின் வச்சிருக்குற பட்டறைக்கு அதைத் தேடி யாரும் வர்றதில்ல, நீயேதான் சொல்லணும்.

யூடியூப் பாரு, வேண்டாம்னு சொல்லல. எமரி பேப்பரை விரல்ல சுத்திக்கிட்டு ஓடுற ஜாப்பைத் தேய்க்கிறவன் வீடியோ வந்தா மட்டும் உடனே மூடிரு, அவன்கிட்ட கத்துக்க ஒண்ணும் இல்ல.

மெட்ரிக் மறை தாராளமா போடலாம். 127 பல்லு கியர் ஒண்ணு தேவை, ஒரு இஞ்ச்சுக்கு 25.4 மில்லி, அஞ்சால பெருக்கினா 127, அதான் காரணம். மறை முடியிற வரைக்கும் ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைக் கவ்வுற நட்டு) திறக்காத, ஒவ்வொரு தடவையும் டூலை வெளிய எடுத்துட்டு மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டித்தான் பின்னால வரணும், இல்லன்னா மறை விட்டுப் போயிரும். ரிவர்ஸ்னு சொல்றேன், மறை போட்ட சக்குன்னா அது கழண்டு வராம இருக்க என்ன பிடிப்பு வச்சிருக்காங்கன்னு பாத்துட்டுச் செய். ஒண்ணும் இல்லன்னா அந்த வேலையை எடுத்துக்காத.

தாய்லாந்தைப் பத்தி அப்புறம் பேசலாம். நாளைக்குப் போனதும் சயாவை வச்சுக்கிட்டு இதைச் செய், சக்குல ஜாப் இல்லாம, சாவி இல்லாம, ஃபீடு எதையும் சேக்காம லேத்தை ஓட விட்டுட்டு மெயினை இறக்கு, முழுசா நின்னதும் தள்ளி நின்னு மெயினை ஏத்து. சுத்துச்சா இல்லையான்னு எனக்கு எழுது, சுத்துச்சுன்னா உங்க முதலாளி நம்பரையும் சேத்து அனுப்பு, நான் பேசுறேன்.

அன்புடன்,
அக்கா