பத்து நிமிடச் சுழற்சியில் பாக்டீரியா சும்மா இருக்குமா?

வட சென்னைக் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் காலம் போல. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் வளர்சிதைப் பொருள்களை (செல் தன் வேலைகளின்போது உண்டாக்கிப் பயன்படுத்தும் சிறு மூலக்கூறுகளை) எப்படி வெளியே எடுத்து அளப்பது?

"ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தேன். பிறகு 4 டிகிரியில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ், பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவல், அப்புறம் மெத்தனால். மருந்து கொடுத்த குழாயிலும் கொடுக்காத குழாயிலும் ஏடிபி ஒரே அளவு. மெஷினில் கோளாறா சார்?" – எம்.எஸ்சி. மாணவி, தண்டையார்பேட்டை

மெஷின் பாவம், அதை விட்டுவிடுங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியும் குளுக்கோஸ் உடைபடும் வழியில் வரும் இடைப்பொருள்களும் ஒருசில நொடிகளிலேயே உண்டாகித் தீர்ந்து மறுபடி உண்டாகிறவை. நீங்கள் பத்து நிமிடம் சுழற்றும்போது செல்கள் குழாயின் அடியில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆக்சிஜன் கிடையாது, சாப்பாடு கிடையாது, போதாததற்குக் குளிர் வேறு. மூன்று கழுவலையும் சேர்த்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மெத்தனால் தொடும் நேரத்தில் இரண்டு குழாய்களும் ஒரே பட்டினியைக் கடந்து வந்திருக்கும். அந்தப் பட்டினியைத்தான் அளந்திருக்கிறீர்கள். மருந்தின் விளைவு அதற்கு முன்பே கலைந்து போய்விட்டது.

வடிகட்டும் முறைக்கு மாறுங்கள். 0.45 மைக்ரான் நைலான் சவ்வின் மேல் சில மில்லி வளர்ப்பை ஊற்றி வேக்குவத்தில் இழுங்கள். நீர் வடிந்த நொடியில் சவ்வை எடுத்து, ஏற்கெனவே மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் கரைப்பானில் குப்புறப் போடுங்கள். மெத்தனால் இரண்டு பங்கு, அசிட்டோநைட்ரைல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்பது நல்ல கலவை. 0.1 மோலார் ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் நொதிகள் உடனே அடங்கும். இல்லாவிட்டால் கரைப்பானுக்குள்ளேயே ஏடிபி உடைந்து பாஸ்பேட் குறைந்த தம்பிகளாக மாறிக்கொண்டிருக்கும். பிறகு அம்மோனியம் பைகார்பனேட் விட்டு அமிலத்தைச் சமன்செய்ய மறக்காதீர்கள். செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வு இந்தக் கரைப்பானில் நிற்காது, நைலானே வாங்குங்கள். கழுவியே ஆகவேண்டும் என்றால் 37 டிகிரியில் வைத்த அம்மோனியம் அசிட்டேட்டை ஒருமுறை, சில நொடிகளுக்குள். பிபிஎஸ் வேண்டாம், அதன் உப்பு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காட்டும் மெஷினில்) மற்ற சிக்னல்களை அமுக்கிவிடும்.

மைனஸ் 40 டிகிரி மெத்தனாலை நேராக வளர்ப்பில் கொட்டும் முறையைச் சீனியர்கள் நோட்டில் பார்த்திருப்பீர்கள். அது ஈஸ்ட்டுக்காக வந்தது. பாக்டீரியாவுக்கு அந்தக் குளிர்ச்சியில் செல் சவ்வு கசியும், உள்ளே இருந்தது வெளியே போய்விடும்.

எந்த முறையில் செய்தாலும் ஒரு சோதனை இருக்கிறது. ஏடிபியின் அளவோடு அடினோசின் டைபாஸ்பேட்டின் (பாஸ்பேட் இரண்டு மட்டும் உள்ள தம்பி) அளவில் பாதியைக் கூட்டி, ஏடிபி, டைபாஸ்பேட், மோனோபாஸ்பேட் மூன்றின் மொத்தத்தால் வகுங்கள். மருந்து கொடுக்காமல் நன்றாக வளரும் செல்களில் இது 0.8க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் செல்லின் வேலையை நீங்கள் நிறுத்தும் முறைதான் தவறு, மேற்கொண்டு எந்த வரைபடமும் போடாதீர்கள். இந்த ஒரு எண் இல்லாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

"எங்கள் டிபார்ட்மென்ட்டில் மைனஸ் 80 ஃப்ரீசரும் இல்லை, திரவ நைட்ரஜனும் இல்லை. மாணவர்களை என்ன செய்யச் சொல்வது?" – விரிவுரையாளர், வியாசர்பாடி

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஐஸுக்கா பஞ்சம்? உடைத்த ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்தால் மைனஸ் 20ஐ ஒட்டி இறங்கும். கரைப்பான் பாட்டிலை மூடி அதில் புதைத்து வையுங்கள். மீன் ஐஸ் சுத்தமானதல்ல என்பதால் குழாயின் வாய்க்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

இன்னொரு வழி கொதி எத்தனால். 75 சதவீத எத்தனாலை 80 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, செல்களை அதில் போட்டு மூன்று நிமிடம். நொதிகள் வெந்துவிடும், அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் நன்றாக வரும். சூடு தாங்காதவை போய்விடும், அவற்றை ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள். பன்சன் பர்னர் பக்கத்தில் எரியக் கூடாது என்று மாணவர்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு குறிப்பு: காயவைத்த சாம்பிளை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறந்தால் காற்றின் நீர் உள்ளே படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

"கொலிஸ்டின் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியாவையும் அடங்குகிற கிளெப்சியெல்லாவையும் மெத்தனாலில் எடுத்து ஒப்பிட்டோம். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை." – ஆய்வு மாணவர், மாதவரம்

நண்டு வலையில் நெத்திலி மாட்டாது. மெத்தனால்-தண்ணீர் கலவை நீரில் கரைபவற்றைக் கொண்டுவரும். கொலிஸ்டின் எதிர்ப்போ பெரும்பாலும் வெளிச் சவ்வில், லிப்பிட் ஏ என்ற பகுதியில் நடக்கிறது. எம்சிஆர்-1 போன்ற மரபணு இருந்தால் அதில் பாஸ்போஎத்தனாலமீன் ஒட்டும், நிறை 123 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) கூடும். கிளெப்சியெல்லாவில் எம்ஜிஆர்பி மரபணு கெட்டுப்போனால் பெரும்பாலும் ஒட்டுவது அமினோ-அராபினோஸ், அப்போது 131 கூடும்.

இதைப் பார்க்கக் கொழுப்புகளைப் பிரித்தெடுக்கும் ப்ளை–டையர் முறை வேண்டும். முதலில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் மூன்றும் ஒரே அடுக்காகக் கலந்து நிற்கும் விகிதத்தில், அதாவது 1:2:0.8, செல்களைப் போடுங்கள். சாதாரணக் கொழுப்புகள் கரைந்து மேலே நிற்கும், உங்களுக்கு வேண்டிய லிப்போபாலிசாக்கரைடு (லிப்பிட் ஏயும் அதோடு சேர்ந்த சர்க்கரைச் சங்கிலியும்) அடியில் படியும். இங்கேதான் பலர் அடிப்படிவைத் தூக்கி எறிகிறார்கள். அந்தப் படிவை பிஹெச் 4.5 அசிட்டேட் கரைசலில் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளோடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் சர்க்கரைச் சங்கிலி அறுந்து லிப்பிட் ஏ தனியாக வரும். பிறகு இரண்டு அடுக்காகப் பிரித்தால் அது குளோரோஃபார்மில் இறங்கும். எல்லாம் கண்ணாடிக் குழாயில். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து இழுத்து வரும் அழுக்கை 'புதிய வளர்சிதைப் பொருள்' என்று கொண்டாடியவர்கள் உண்டு. அதனால் பாக்டீரியா இல்லாத ஒரு வெற்றுக் குழாயையும் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே நடத்திச் செல்லுங்கள்.

மாதவரம் என்பதால் கால்நடைப் பண்ணை சாம்பிளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதற்கு இந்தியாவில் 2019இல் தடை வந்துவிட்டது. சாம்பிள் எடுத்த ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

"எம்ஐசி அளவு மருந்து கொடுத்தும் வளர்ப்பு சாகவே இல்லை. மருந்து காலாவதியா?" – மாணவர், திருவொற்றியூர்

இருக்கலாம். ஆனால் முதலில் செல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். எம்ஐசியை (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவை) பார்ப்பது ஒரு மில்லிக்கு ஐந்து லட்சம் செல் இருக்கும்போது, முல்லர்–ஹின்டன் குழம்பில். வளர்சிதைப் பொருள் எடுப்பதற்கு நீங்கள் வளர்ப்பது அதைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தி, அநேகமாக எம்9 போன்ற எளிய ஊடகத்தில். அந்த அடர்த்தியிலும் அந்த ஊடகத்திலும் மருந்தின் விளைவைப் புதிதாகப் பாருங்கள். முல்லர்–ஹின்டனிலேயே செய்துவிடலாமே என்றால், அதில் மாட்டிறைச்சிச் சாறும் கேசீனும் இருக்கின்றன. எந்த அமினோ அமிலம் பாக்டீரியாவுடையது, எது குழம்புடையது என்று பிரிக்க முடியாது.

ஓடி 600ஐ (வளர்ப்பின் கலங்கலைக் காட்டும் எண்ணை) வைத்து மட்டும் அளவைச் சமன்செய்யாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசினும் சில பீட்டா-லாக்டம்களும் (பென்சிலின் வகை மருந்துகள்) கொடுத்தால் செல் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போகும். ஓடி ஏறும், செல் எண்ணிக்கை ஏறாது. புரதத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். எதிர்ப்பு உள்ளதும் இல்லாததுமான இரண்டு ரகங்கள் ஒரே தாய் ரகத்திலிருந்து வந்தவையாக இருப்பதும் முக்கியம். இரண்டு வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றை ஒப்பிட்டால் ஆயிரம் வித்தியாசம் தெரியும், எது எதிர்ப்பால் வந்தது என்று சொல்ல முடியாது.

"சர்க்கரை சேர்த்தால் பழைய ஆன்டிபயாட்டிக் மறுபடி வேலை செய்யும் என்கிறார்களே?" – ஓய்வுபெற்ற மருந்தாளுநர், ராயபுரம்

ஆய்வுக்கூடத்தில் உண்மை, ஐயா. 2011இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் காலின்ஸ் குழு, தூங்கிக் கிடந்து மருந்துக்குத் தப்பும் பாக்டீரியாவுக்கு மானிட்டால், ஃப்ரக்டோஸ் போன்றவற்றைக் கொடுத்தது. அவை சவ்வின் மின்விசையைத் தூக்கிவிட, ஜென்டமைசின் வகை மருந்து உள்ளே இழுக்கப்பட்டுக் கொன்றது. 2015இல் சீன ஆய்வாளர்கள் எதிர்ப்பு உள்ள பாக்டீரியாவில் அலனினும் குளுக்கோஸும் குறைந்திருப்பதைக் கண்டு, அவற்றைத் திரும்பக் கொடுத்து கனமைசினை வேலை செய்ய வைத்தார்கள். மேலே மாணவர்களிடம் நான் இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணமே இதுதான்: எது குறைந்திருக்கிறது என்று சரியாக அளந்ததால்தான் எதைத் திரும்பக் கொடுப்பது என்று அந்தச் சீன ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. மாத்திரையோடு சர்க்கரை சாப்பிடச் சொல்லி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

"மகள் கொடுங்கையூர்ச் சாக்கடை நீரிலிருந்து கிருமி எடுத்து ப்ராஜெக்ட் செய்கிறாள். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது." – ஒரு தாய்

பயப்பட வேண்டாம் அம்மா, இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். லேப் கோட்டைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வருகிறாளா? கையுறையோடு செல்போனைத் தொடுகிறாளா? தட்டு, குழாய் எதையும் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது.

"மிச்ச அசிட்டோநைட்ரைலை ஸிங்க்கில் ஊற்றித் தண்ணீர் விட்டால் போதுமா?" – லேப் டெக்னீஷியன், மணலி

கூடாது. குளோரோஃபார்ம் கலந்ததைத் தனி பாட்டிலிலும், கலக்காததை வேறொரு பாட்டிலிலும் மூடி, பெயர் எழுதி, அபாயக் கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். கரைப்பான் உள்ள குழாயை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலனில்) வைக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும். வடிகட்டிய வளர்ப்பு நீர் தனி; அதை மட்டும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.