டர்பனில் பொன்சாய் மரத்தை எந்த மாதத்தில் கவாத்து செய்ய வேண்டும், எப்போது தொட்டி மாற்ற வேண்டும்?

டர்பனுக்கு வந்து முதல் பொன்சாய் வாங்கியிருக்கிறேன், எந்த மாதம் என்ன செய்யணும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எந்த மாதப் பட்டியலையும் நம்பிக் கத்தரியை எடுக்காதீர்கள். நான் அப்படிச் செய்துதான் ஒரு நல்ல மரத்தைக் கொன்றேன்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த மறு வருடம் ஒரு வொயிட் ஸ்டிங்க்வுட் வாங்கினேன். தென்னாப்பிரிக்கக் காட்டு மரம், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், பட்டை சாம்பல் நிறத்தில் வழவழவென்று அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு காணொளியில் மார்ச்தான் தொட்டி மாற்றச் சரியான நேரம் என்றார்கள். அது ஜப்பான், ஐரோப்பா பக்கத்துக் கணக்கு, அங்கே மார்ச்சில் வசந்தம். இங்கே மார்ச் என்றால் கோடை முடிகிறது, மரம் அந்த வருடத்து வேலையை முடித்துக்கொண்டு ஒடுங்கப் போகிறது. அது தெரியாமல் தொட்டி மாற்றும்போது வேரில் பாதியை வெட்டித் தள்ளினேன். புது வேர் விட நேரமில்லாமல் ஜூன் வந்துவிட்டது. செப்டம்பரில் தெருவில் உள்ள மரமெல்லாம் தளிர்த்தபோது என் மரத்தின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சையே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் தெருத் தாத்தா ஒருவரிடம் போய் நின்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். அவர் தன் ஸ்டிங்க்வுட்டின் ஒரு குச்சியைப் பிடித்து, "தம்பி, இது தூங்குது, தொடாதே" என்றார். மொட்டு பழுப்பாக, குச்சியோடு ஒட்டிப் படிந்து கிடந்தது. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு அதே குச்சியைக் காட்டினார். மொட்டு எள் மாதிரி உப்பி, குச்சியை விட்டு விலகி, செதில் நடுவே மயிரிழை அளவுக்குப் பச்சை தெரிந்தது. இலை இன்னும் விரியவில்லை. அன்றைக்கே தொட்டி மாற்றினார்.

இங்கே அது பெரும்பாலும் ஆகஸ்ட் பின்பாதியில் வரும், மாரியம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றி முடிகிற சமயம். ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்போம். இங்கே ஆடி குளிர்காலத்தின் கடைசிதான், ஆனாலும் ஆடி முடியும்போது தினமும் மொட்டைப் பார்க்கத் தொடங்குவது என்று நான் வைத்திருக்கிற கணக்கு நன்றாகவே வருகிறது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தச் சமயத்தில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று அனலாக அடிக்கும், ஒரே நாளில் சிறு தொட்டியைக் காய வைத்துவிடும், அதனால் தொட்டி மாற்றிய மரத்தைச் சில வாரமாவது சுவர் மறைவில் வையுங்கள். உரம் ஒரு மாதம் கழித்துப் போட்டால் போதும்.

இலை விரிந்த பிறகு வேலையெல்லாம் நுனியில்தான். கிளை ஆறேழு இலை விட்டதும் இரண்டு மூன்று இலைக்கு வெட்டிவிடுங்கள். நுனி இருக்கிற வரை அது கீழே உள்ள மொட்டுகளை எழ விடாது, நுனி போனால்தான் பக்கக் கிளை பிரியும், மரம் அடர்த்தியாகும். டர்பன் மழை கோடையில் என்பதால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதை விடாமல் செய்ய வேண்டியிருக்கும். கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டியிருந்தால் இந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், பட்டைக்குள் பதிந்துவிட்டால் அந்தத் தழும்பு பல வருடம் போகாது.

அத்தி வகை வைத்திருந்தால் கணக்கே வேறு. அது வெயிலை விரும்புகிற மரம், நேட்டால் அத்திக்கு நவம்பர், டிசம்பர் வரை பொறுத்து, இரவிலும் சூடு இருக்கும்போது தொட்டி மாற்றுகிறேன். வெட்டினால் பால் கொட்டும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், சட்டையில் பட்டால் கறை போகாது. ஸ்பெக்பூம் (சதைப்பற்றுள்ள சிறு இலைகள் கொண்ட இந்த நாட்டுச் செடி) என்றால் வேர் வெட்டிய பிறகு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம், ஈரத்தில் வெட்டுக்காயம் அழுகிவிடும். ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் ஒரு கிளையின் பச்சை முழுவதையும் எடுத்துவிடாதீர்கள், மொட்டையான கிளை திரும்பத் துளிர்ப்பதில்லை.

ஏப்ரல், மே வந்துவிட்டால் பெரிய வெட்டு எதுவும் வேண்டாம். குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு, இலை இல்லாத மரத்துக்கும் மண் காயக் காயத் தண்ணீர் வேண்டும், பலர் இதில்தான் மரத்தை இழக்கிறார்கள்.

நீங்கள் வாங்கியது என்ன மரம் என்று எழுதவில்லை. இலையையும், முடிந்தால் ஒரு குச்சியின் மொட்டையும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வேரைத் தொட வேண்டாம்.