பழைய இங்கிலாந்தின் பெரிய எஸ்டேட்களில் யார் யார் என்னென்ன வேலை பார்த்தார்கள்? அந்தத் தொழில்கள் என்ன ஆயின?

நான் இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஆனால் நார்ஃபோக் மாவட்டத்து ஆட்கள் பல ஆயிரம் பேரின் பெயரை இந்த விரல்களால் தட்டியிருக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்தில் சேர்ந்தேன். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். பக்கக் கணக்கில் கூலி, பிழைக்குப் பிடித்தம். 1841-ஆம் வருஷத்து ஏடுகள் பென்சிலில் எழுதப்பட்டவை, பாதி அழிந்திருக்கும். பிடித்தமே சம்பளத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். அந்த எரிச்சலில்தான் இந்த ஆட்கள் யார், என்ன வேலை செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதனால் என் பதில் முழுக்க நார்ஃபோக்கைப் பற்றித்தான்.

எஸ்டேட் என்றதும் நமக்கு வால்பாறையும் நுவரெலியாவும் தேயிலையும்தான் ஞாபகம் வரும். நீங்கள் கேட்பது வேறு. நடுவில் ஒரு மாளிகை. சுற்றிலும் குத்தகைக்கு விட்ட பண்ணைகள், காடு, ஏரி, தொழிலாளர் வீடுகள், சில சமயம் ஊரே ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். நம் ஊர் ஜமீனை நினைத்துக்கொண்டால் பாதி புரியும்.

அந்த 1841 ஏட்டில் தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்தான் வரும்: 'ஆக் லேப்'. அக்ரிகல்ச்சரல் லேபரர், அதாவது விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். இப்படிச் சுருக்கி எழுதலாம் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு மேலிடமே சொல்லிக் கொடுத்திருந்தது. அடித்து அடித்துக் கை தானாகவே அடிக்கப் பழகிவிட்டது. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு தொழில்களை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று.

குதிரைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். நார்ஃபோக்கில் அவருக்கு 'டீம்மேன்' என்று பெயர். இரண்டு குதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, ஓட்டுவதற்குத் தனி ஆள் இல்லாமல் ஒருவரே உழுவது அந்த மாவட்டத்துப் பழக்கம். ஒன்பது அங்குல அகலத்தில் சால் பிடித்தால் ஒரு ஏக்கர் உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அது போகக் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தீவனம் வைக்க வேண்டும், மாலையில் குதிரைகளைத் தேய்த்துவிட வேண்டும். இவருக்கும் ஆக் லேப்தான். வேலி கட்டுகிறவர், வடிகால் வெட்டுகிறவர், எலும்பை உருக்கும் குளிரில் வயலில் குனிந்து டர்னிப் கிழங்கை இழுத்து வெட்டுகிறவர், எல்லோருக்கும் அதே சொல். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாரக்கூலி எட்டிலிருந்து பத்து ஷில்லிங்குக்குள் (20 ஷில்லிங் ஒரு பவுண்ட்).

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய அறுவடை ஏற்பாடு. அறுவடைக்கு முன் ஆட்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு 'லார்ட்', அதாவது பிரபு என்று பட்டம். மொத்த அறுவடைக்கும் இவ்வளவு என்று பண்ணைக்காரரிடம் பேரம் பேசுவது அவர் பொறுப்பு. வரிசையாக அரிவாள் வீசிப் போகும்போது முதலில் நிற்பதும் அவர்தான், மற்றவர்கள் அவருடைய வேகத்துக்கு வெட்ட வேண்டும். இரண்டாவதாக நிற்பவருக்கு என்ன பட்டம் தெரியுமா? 'லேடி'. அவரும் மீசை வைத்த ஆம்பிளைதான். வருஷம் முழுக்க மாளிகைப் பிரபுவுக்குத் தொப்பியைக் கழற்றியவர்கள் ஒரு மாதம் தாங்களே பிரபுவும் சீமாட்டியுமாக இருந்தார்கள். அந்த மாதத்துப் பணத்தில்தான் வீட்டு வாடகை பாக்கியும் குடும்பத்துக்கு பூட்ஸும். ஏட்டில் இந்த 'லார்ட்' பதவி எங்குமே இல்லை.

சரி, மாளிகைப் பக்கம் வருவோம். நார்ஃபோக்கில் பெரிய பெயர் ஹோக்கம் எஸ்டேட். 1776-இல் தாமஸ் கோக் என்ற இளைஞர் அதற்கு வாரிசாக வந்தார். கோதுமை, டர்னிப், பார்லி, க்ளோவர் என்ற தீவனப் பயிர் என்று நான்கு வருஷச் சுழற்சியில் பயிரிட்டு மண்ணைச் சும்மா போடாமல் விளைவித்தார் என்று இவரைப் புகழ்வார்கள். உண்மையில் அந்தச் சுழற்சி இவருக்கு முன்பே அந்த மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. விளம்பரத்தில் இவர் கெட்டிக்காரர். ஆட்டு ரோமம் வெட்டும் விழா என்று வருஷா வருஷம் கூட்டி, நாலா திசையிலிருந்தும் பண்ணைக்காரர்களை வரவழைத்துத் தன் வயல்களைக் காட்டுவார். கடைசி விழா 1821-இல் நடந்தது.

இவ்வளவு பெரிய சொத்தில் தினசரி அதிகாரம் முதலாளி கையில் இல்லை, ஸ்டூவர்ட் என்ற காரியஸ்தர் கையில்தான். குத்தகை வசூல், யாருக்கு எந்த வீடு, எந்த மரத்தை வெட்டலாம், எல்லாம் அவர் சொல். வீட்டுக்குள் இருந்த பட்லர், சமையல்காரர், சலவைப் பெண்கள் பற்றி டிவி தொடர்களே போதுமான அளவு காட்டிவிட்டன, அதனால் ஒன்றே ஒன்று சொல்லி நகர்கிறேன். ஆண் வேலைக்காரர் வைத்திருந்தால் வரி. 1777-இல் அமெரிக்கப் போர்ச் செலவுக்காக ஆளுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் என்று விதித்தார்கள், அது 1937 வரை நீங்கவில்லை. பணக்காரர்கள் வாசலில் பவுடர் தலையோடு ஆறடி ஆண்களை நிறுத்தியது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்: அந்த வரியைக் கட்டும் வசதி இருக்கிறது என்று காட்டத்தான்.

வெளியே காட்டில் ராஜா, கேம்கீப்பர். முதலாளிகள் சுட்டு வேட்டையாடுவதற்கான பறவைகளை வளர்த்துக் காப்பவர். ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழியின் முட்டைகளைப் பொறுக்கி வந்து அடைகாக்கும் நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பார், குஞ்சுகளைக் கீரி மாதிரியான பிராணிகளிடமிருந்தும் பருந்திடமிருந்தும் காப்பார், கொன்ற எதிரிகளை வேலியில் வரிசையாகத் தொங்கவிடுவார். ஊருக்கே ஆகாதவர். உள்ளூர்க்காரரை வைத்தால் மாமன் மச்சான் என்று கண்டும் காணாமல் விட்டுவிடுவார் என்று பல எஸ்டேட்களில் வெளியூரிலிருந்துதான் இவரைக் கொண்டுவந்தார்கள்.

ஹோக்கம் கேம்கீப்பர்களுக்கு நாம் ஒரு விஷயத்தில் கடன்பட்டிருக்கிறோம். சார்லி சாப்ளினின் தொப்பி! குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் இவர்களுடைய உயரத் தொப்பிகளைத் தட்டிவிட்டன. 1849-இல் கோக் குடும்பத்து ஆள் ஒருவர் லண்டனில் லாக் என்ற தொப்பிக் கடையில் தலையை ஒட்டிய, கெட்டியான, உருண்டைத் தொப்பி ஒன்று கேட்டார். தொப்பி செய்யும் பௌலர் சகோதரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். வந்து பார்த்தவர் அதைத் தரையில் போட்டு இரண்டு மிதி மிதித்து, நசுங்கவில்லை என்றதும் 12 ஷில்லிங் கொடுத்து வாங்கிப் போனதாகக் கதை. அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம் அரக்கு. அந்த நாளில் அரக்கு இந்தியாவிலிருந்துதான் போனது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

வேட்டைப் பைத்தியம் எந்த அளவுக்கு என்றால், அதே மாவட்டத்தில் 1862-இல் வேல்ஸ் இளவரசருக்காக வாங்கப்பட்ட சாண்ட்ரிங்கம் எஸ்டேட்டில் கடிகாரங்களையே அரை மணி முன்னால் வைத்துவிட்டார்கள். குளிர்காலப் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுடலாம் என்றுதான். 1936 வரை அந்த எஸ்டேட்டுக்குத் தனி நேரம்.

மறுபக்கம் பசித்த வீடுகள். முயலோ ஃபெசன்டோ பிடிக்க இரவில் போனால் 1828-ஆம் வருஷச் சட்டப்படி முதல் தடவை மூன்று மாதம், இரண்டாவது ஆறு மாதம், மூன்றாவது தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல் வரை போகும். கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் துப்பாக்கிகளைக் காட்டில் மறைத்து வைக்கும் வழக்கம் 1827 வரை சட்டப்படியே இருந்தது. கால் போனது திருடனுடையதா, சுள்ளி பொறுக்க வந்த கிழவியுடையதா என்று துப்பாக்கிக்குத் தெரியாதே.

முயல் என்றதும் இன்னொரு தொழில்: வாரனர், முயல் பண்ணைக்காரர். பிரான்ஸிலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த முயல் அந்தக் குளிருக்குப் பழகாமல் தடுமாறியது. மண்மேடு கட்டிக் கொடுத்து, குளிரில் தீனி போட்டு, கைக்குழந்தை மாதிரி வளர்த்தார்கள். கறியும் தோலும் அவ்வளவு விலை. தெட்ஃபோர்ட் பக்கம் மணல் காட்டில் 1400 வாக்கில் மடத்துத் துறவிகள் முயல் காவலருக்காகக் கட்டிய இரண்டு மாடிக் கல் வீடு இன்றும் நிற்கிறது. சுவரைப் பார்த்தால் கோட்டை. திருடர்களுக்கு அவ்வளவு பயம்! அப்புறம் முயல் பழகிக்கொண்டு பெருகி, வயலைத் தின்னும் சனியன் ஆனது. குத்தகைக்காரர் தன் வயலில் மேயும் முயலைத் தானே கொல்லலாம் என்ற உரிமை 1880-இல்தான் கிடைத்தது. வார்னர் என்ற குடும்பப் பெயரின் வேர்களில் ஒன்று இந்தத் தொழில். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஆள் நினைவுக்கு வரும்.

கிழக்கே பிராட்ஸ் என்ற ஏரிப்பகுதி. அவை இயற்கை ஏரிகள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் துளையிட்டுப் பார்த்தபோது ஓரங்கள் செங்குத்தாக இருந்தன. இடைக்காலத்து ஆட்கள் அடுப்பெரிக்கக் கரிமண்ணை வெட்டி வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏரி வெட்டுகிறோம் என்று தெரியாமலே வெட்டியவர்கள். அவர்களுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

இடமில்லாதவர்கள் என்றால் பெண்களும் பிள்ளைகளும்தான் முதலில். பெற்றோருக்கு உதவியாகக் கூலியில்லாமல் உழைக்கும் பிள்ளைகளுக்கும், மனைவிகளுக்கும் தொழில் எழுத வேண்டியதில்லை என்பது 1841-இன் விதி. மனைவி என்றால் அநேகமாகக் கட்டம் காலி. எனக்கு வேலை மிச்சம், சந்தோஷமாகத் தாண்டிப் போவேன். ஆனால் அந்தக் காலிக் கட்டத்துக்காரர்கள் களை எடுத்தார்கள், கல் பொறுக்கினார்கள், அறுத்த வயலில் சிந்திய கதிர் சேர்த்துக் குளிர்காலத்து மாவுக்கு வழி செய்தார்கள். பிரபுவின் ஊரில் வீடுகள் அதிகம் கட்ட விடமாட்டார்கள், ஏழைகள் பெருகினால் அவர்களைப் பராமரிக்கக் கட்ட வேண்டிய வரி கூடும் என்று. அதனால் காசில் ஏக்கர் போன்ற, யாரும் குடியேறக்கூடிய ஊர்களில் ஜனம் நெருக்கியடித்தது. அங்கிருந்து பெண்களையும் சிறுவர்களையும் கங்காணி மாதிரி ஓர் ஆள் கூட்டமாக ஓட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடத்திப் போய் வேலை வாங்குவார். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை இந்தக் கூட்டங்களில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 1867-இல்தான்.

தொழில்கள் என்ன ஆயின? 1870-களில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கியதும் குத்தகை வருமானம் சரிந்தது, பிறகு போரும் டிராக்டரும் மிச்சத்தைக் கொண்டுபோயின. முயல் மேய்ந்த தெட்ஃபோர்ட் மணலில் 1922-இலிருந்து அரசு பைன் மரம் நட்டது. கேம்கீப்பர் இன்றும் இருக்கிறார். கூரைக்கு நாணல் அறுப்பவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஜார்ஜ் எட்வர்ட்ஸ், 1850-இல் மார்ஷம் என்ற ஊரில் பிறந்தவர். பிள்ளைகளின் பசிக்காக வயலிலிருந்து சில டர்னிப் கிழங்குகளை எடுத்து வந்த அப்பாவுக்கு ஜெயில், குடும்பத்துக்கு ஏழைகள் விடுதி. ஆறு வயதில் காக்கை விரட்டும் வேலை, வாரத்துக்கு ஒரு ஷில்லிங். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிதான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1906-இல் விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார், 1920-இல் தெற்கு நார்ஃபோக்கிலிருந்து நாடாளுமன்றம் போனார், 1930-இல் சர் பட்டம். 1841 ஏட்டில் அவர் இல்லை, பிறக்கவே ஒன்பது வருஷம் இருக்கிறதே. அதற்குப் பிந்திய ஏடுகள் என் கைக்கு வருவதற்குள் நான் வேலையை விட்டுவிட்டேன்.