வேறு பெயரில் வந்த கார்கள்: சேலத்து அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஒரு நிறுவனம் வடிவமைத்த காரை இன்னொரு நிறுவனம் தன் சின்னத்தைப் பொருத்தித் தன் பெயரில் விற்பது வாகன உலகில் நெடுங்கால வழக்கம். சேலத்தில் பல ஆண்டுகளாக உதிரிபாக வணிகம் செய்துவரும் நான், "இந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காது" என்று கைவிடப்பட்ட நல்ல கார்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அவற்றுள் பலவற்றுக்கு வேறு பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் உதிரிபாகம் கிடைத்திருக்கும். அத்தகைய கார்களைப் பற்றி வந்த கேள்விகளுள் சில இங்கே.

பழைய ரெனோ பல்ஸ் டீசல் கார் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கினால் பின்னால் அவதிப்படுவேனா, ஐயா? (அஸ்தம்பட்டி)

பல்ஸ் என்பது நிசான் மைக்ராதான். 2012-ல் வந்த இந்தக் காரும் மைக்ராவும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. அதில் உள்ள 1,461 சி.சி. டீசல் எந்திரம் ரெனோவின் கே9கே குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து எந்திரத்தைத்தான் டஸ்டர், டெரானோ, சன்னி, ஸ்காலா ஆகியவற்றிலும், டாசியா லோகன் என்ற பெயரில் பிறந்து நம் ஊரில் மஹிந்திரா வெரிட்டோ ஆன காரிலும், அசோக் லேலண்ட் 2013-ல் கொண்டுவந்து இரண்டே ஆண்டுகளில் நிறுத்திவிட்ட ஸ்டைல் வண்டியிலும் காணலாம். ஸ்டைல் வண்டியின் மூலம் நிசான் எவாலியா. ஆகவே எந்திரத்தைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல் எந்திரத்தின் பெயரையும், பழைய பாகத்தில் அச்சிட்டுள்ள எண்ணையும் காட்டிக் கேளுங்கள்.

எச்சரிக்கை வெளிப்புறப் பாகங்களுக்குத்தான் வேண்டும். சின்னத்தை மாற்றும்போது நிறுவனங்கள் முன்பக்கக் கிரில்லையும் பம்பரையும் மாற்றிவிடுகின்றன. மைக்ராவின் பம்பர் பல்ஸுக்குப் பொருந்தாது. எனவே முன்புறம் அடிபட்ட வண்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். எந்திரத்தின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று கேட்டு வாங்குங்கள். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எந்திரமே பாழாகிவிடும்.

எங்கள் எஸ்டேட்டில் தாத்தா ஓட்டிய சிபானி டால்ஃபின் ஒன்று நிற்கிறது. அது எந்த நாட்டு வண்டி? மீண்டும் ஓடவைக்க முடியுமா? (ஏற்காடு)

இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரில் உருவான டால்ஃபினின் மூலம், இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனம் 1975-ல் வெளியிட்ட கிட்டன் என்னும் சிறு கார். கண்ணாடியிழை உடல், 848 சி.சி. அலுமினிய எந்திரம், பின்சக்கர இயக்கம். அதே எந்திரம் ரிலையன்ட் ராபின் என்ற மூன்று சக்கரக் காரிலும் இருந்தது. ராபினை இங்கிலாந்தில் இன்றும் போற்றிப் பாதுகாப்பவர்கள் இருப்பதால், எந்திரப் பாகங்களை அந்தப் பெயரில் தேடுவதே நல்ல வழி.

கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்பதால் உங்கள் மலையின் மூடுபனி உடலை ஒன்றும் செய்திருக்காது. விரிசல் இருந்தால் ஃபைபர் வேலை தெரிந்தவர் ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடுவார். ஆனால் அந்த உடலுக்குக் கீழே வண்டியைத் தாங்கும் சட்டமான சேசிஸ் இரும்பு. மேலே பளபளப்பு குறையாமலே அடியில் அரித்திருக்கக்கூடும் என்பதால், பெயின்ட் அடிப்பதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அலுமினிய எந்திரத்தில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் முறையான கூலன்ட் ஊற்ற வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவரும்போது அந்தச் சின்ன எந்திரம் கொதித்துவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

கான்டெஸா அமெரிக்கக் காரின் நகல் என்கிறார்களே, உண்மையா? (அம்மாபேட்டை)

இல்லை. தோற்றம் அப்படி எண்ணச் செய்கிறது. 1972-ல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸ்ஹால் விக்டரின் உடலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி 1984-ல் கான்டெஸாவாக வெளியிட்டது. முதலில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1,489 சி.சி. எந்திரம், பிறகுதான் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எந்திரம் வந்தது. எனவே உங்கள் காரின் கண்ணாடிக்கு ஒரு பெயரிலும் எந்திரத்துக்கு இன்னொரு பெயரிலும் தேட வேண்டும்.

இதைவிட வருத்தமான கதை ஸ்டாண்டர்டு 2000 காருடையது. சென்னையில் 1985 முதல் 1988 வரை உருவான அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அழகிய உடலுக்குள், பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த எந்திரத்தை வைத்தார்கள். நல்ல உடலுக்கு இப்படி நேர்ந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பிரீமியர் ரியோ சீன வண்டியா, ஜப்பான் வண்டியா? (ஆத்தூர்)

இரண்டும்தான். வடிவமைப்பு ஜப்பானின் டைஹாட்சு டெரியோஸ். அதைச் சீனாவின் சோட்யே நிறுவனம் தன் பெயரில் செய்ய, 2009-ல் பிரீமியர் இங்கே கொண்டுவந்தது. முதலில் பெஜோ 1.5 லிட்டர் டீசலும் பின்னர் ஃபியட் 1.3 மல்டிஜெட்டும் வந்தன. வாங்குவதானால் மல்டிஜெட் உள்ளதையே வாங்குங்கள். ஸ்விஃப்ட் டீசலில் இருந்ததும் அதே குடும்பத்து எந்திரம் என்பதால் அதன் நுணுக்கம் அறியாத மெக்கானிக்கைக் காண்பது அரிது.

மாருதி பலேனோவா, டொயோட்டா கிளான்ஸாவா? (ஓமலூர்)

கார் ஒன்றே. உத்தரவாத விதிகளை ஒப்பிட்டுப் படித்து, உங்களுக்கு அருகில் உள்ள சர்வீஸ் நிலையத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

நம் நாட்டுக் கார் வெளிநாட்டில் வேறு பெயரில் போனதுண்டா? (கல்லூரி மாணவர், சேலம்)

உண்டு தம்பி. டாடா இண்டிகா 2003-ல் சிட்டிரோவர் என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்கப்பட்டது. மானேசரில் உருவான மாருதி ஏ-ஸ்டார் ஐரோப்பாவில் நிசான் பிக்ஸோ ஆனது. இப்போது நீங்கள் சாலையில் காணும் மாருதி கிராண்டு விட்டாரா, நமக்கு அருகிலுள்ள கர்நாடகத்தின் பிடதியில் டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் செவர்லே ஃபாரஸ்டர் இருக்கிறது. செவர்லேவே போய்விட்டதே, இனி என்ன செய்வது? (நாகலூர்)

செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது உண்மைதான். ஆனால் உங்களுடையது ஜப்பானின் சுபாரு. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது சுபாரு நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததால் செவர்லே சின்னம் வந்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து சுபாரு ஃபாரஸ்டர் என்றே வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் பாகம் கேளுங்கள். அதன் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருப்பதால், ஸ்பார்க் பிளக் மாற்றுவதைக்கூட அவ்வகை எந்திரத்தில் கைவைத்துப் பழகியவரிடம் மட்டுமே விடுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் வண்டி என்பதால், தேய்ந்த டயர் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். சுற்றளவு வேறுபட்டால், சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் தேயும். நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.